நான் சொன்ன ‘யா’

அன்பான சகோதரங்களே, தோற்றுப்போன என் வழக்கை ஆண்டவர் எப்படித் திருப்பினார் என்று சொல்லத்தான் எழும்பி நிற்கிறேன். இந்தக் காலோடு அதிக நேரம் நிற்க முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

1995 தவக்காலம். ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் பச்சை விளக்கில் தெருவைக் கடந்த என்னைச் சாமான் ஏற்றும் வான் ஒன்று இடித்தது. வலது கால் முறிந்தது. செய்துவந்த சமையல் வேலையும் போயிற்று. நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். கீழ் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. நான் சிவப்பு விளக்கில் கடந்ததாக எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீட்டி முழக்கினார். நான் மரியாதையாக “யா, யா” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது கதைத்தால் நாங்கள் “ஓம், ஓம்” என்போமே, அதே பழக்கம். ஜேர்மன்காரருக்கு ‘யா’ என்றால் சம்மதம். பிழையை நானே ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பு வந்தது. பச்சை விளக்கைக் கண்ட சாட்சியைக்கூட விசாரிக்கவில்லை.

அழுதேன். கால் முறிந்ததைவிட, பொய்க்காரி ஆனதுதான் சுட்டது. “விடுமப்பா, இனி ஏலாது,” என்றார் கணவர். நான் விடவில்லை. மேன்முறையீடு செய்தோம். மாதா படத்துக்கு முன்னால் தினமும் ஒரே மன்றாட்டு: “ஆண்டவரே, விசாரணை அண்டைக்கு என்ர நாக்கைக் கட்டிப்போடும்.”

அவர் கட்டவில்லை. மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தை நீதிபதி வாசிக்க, என் வாய் தானாக “யா, யா” என்றது. என் சட்டத்தரணி தலையில் கைவைத்தார். நீதிபதி நிமிர்ந்து, “அப்படியானால் சிவப்பில்தான் கடந்தீர்களா?” என்றார்.

“இல்லை ஐயா. நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன் எண்டு சொன்னனான்,” என்றேன் தமிழில்.

இம்முறை மொழிபெயர்க்க வந்திருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நான் சொன்னதை அவர் சொல்ல, நீதிபதி அவரைப் பார்த்து, “இது தப்புவதற்குச் சொல்லும் கதை போல எனக்குத் தெரிகிறது,” என்று தொடங்கினார். அந்த அக்காவும் தலையை ஆட்டி, “யா, யா.”

“நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?”

அக்கா திடுக்கிட்டார். “இல்லை, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தச் சாட்சியை அழைத்து விசாரித்தார்கள். விளக்கு பச்சைதான் என்று அவர் உறுதியாகச் சொன்னார். தீர்ப்பு மாறியது.

நாக்கைக் கட்டச் சொன்னேன். ஆண்டவர் அதை அவிழ்த்துவிட்டே என்னைக் காப்பாற்றினார். அவருக்கு ஆயிரம் நன்றி. அதற்குப் பிறகு எனக்கு எதற்கும் பயமில்லை. சகோதரங்களே, உங்கள் பாரத்தையும் அவரிடம் சொல்லுங்கள். நாம் கதைக்கும்போது அவரும் “ஓம், ஓம்” என்றுதான் இருக்கிறார். கேட்கிறேன் என்கிறாரா, தருகிறேன் என்கிறாரா என்று நான் பார்ப்பதில்லை. அவர் வாயில் இரண்டும் ஒன்றுதான்.