பிசிறு இல்லாத ஸ்டாம்ப்புகள்

என்னிடம் தபால் ஸ்டாம்ப்புகளுக்கு விலை போட்ட கேட்டலாக் ஒன்று இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து பீரோவைச் சுத்தம் பண்ணுகிறவர்கள் எல்லாம் நேராக என் வீட்டுக்கு வருகிறார்கள். பழசு என்றாலே லட்சம்... டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஜனங்கள் அல்லவா நாம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறி வந்தவர், எஸ்தர். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. கையில் கனமான ஆல்பம்.

அவருடைய அப்பா அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆபீசுக்கு வரும் கவர்களைக் கேட்டு வாங்கி, ஸ்டாம்ப்பைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்து, வாழ்நாள் பூராவும் சேர்த்திருக்கிறார். அண்ணன் தங்கச்சி இருவருக்கும் அவர் பாகம் பிரித்த அழகைக் கேளுங்கள் — பையனுக்கு வீடு, பெண்ணுக்கு ஸ்டாம்ப். ரெண்டும் சமம்!

எஸ்தரும் அதை நம்பினார். இறந்துபோன அம்மா பேரில் இருந்த வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது, அப்பாவோடு குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்களாம். ஸ்டாம்ப்பை விற்று, போக்கியத்துக்கு ஒரு வீடு பிடிக்கலாம் என்று என்னிடம் வந்திருக்கிறார்.

ஆல்பத்தைத் திறந்தேன். ஒரு ஸ்டாம்ப்பிலும் பல் இல்லை.

ஓரத்தில் பல் பல்லாக இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். ஒரே படம், ஒரே கலரில் ஒரு ஸ்டாம்ப் பல தடவை அச்சாகியிருக்கும். கையில் இருப்பது எந்த அச்சு என்று கேட்டலாக்கில் கண்டுபிடிக்க, ரெண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்று அளந்துதான் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு டீ செலவுக்குத்தான் விலை வரும். இன்னொன்றுக்கு ஒரு மாசச் சம்பளமே வரலாம். பல்லே இல்லை என்றால்? அடையாளமும் கிடையாது, விலையும் கிடையாது.

யார் வெட்டியது என்று கேட்டேன். எஸ்தர் பெருமையாகச் சொன்னார் — அப்பாதான். ஓரம் பிசிறாக இருந்தால் அவருக்குப் பொறுக்காதாம். கம்பெனியில் தோல் வெட்டும் கத்தி மாதிரியே ஒன்றை வீட்டிலும் தீட்டி வைத்துக்கொண்டு, ஸ்கேல் பிடித்து ஒவ்வொன்றாகச் சீவியிருக்கிறார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பல் இல்லாமலே வெளியான ஸ்டாம்ப்புகளும் உண்டு, அதில் ஒன்றாவது சிக்காதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்த ரகத்துக்குச் சுற்றிலும் வெள்ளை ஓரம் தாராளமாக இருக்க வேண்டும். இவர் படத்தை ஒட்டியே சீவியிருந்தார். அப்படி ஒரு சுத்தமான கை!

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். எஸ்தர் ஒரு ஸ்டாம்ப்பின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எங்க லைன்ல பிசிறு இருந்தா ரிஜெக்ட் பண்ணுவோம் சார். இங்க பிசிறு இல்லன்னா ரிஜெக்ட்டா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இந்த மாதிரி வேளையில் அந்தக் கேட்டலாக்கைத் தூக்கிப் பாலாற்றில் போட்டால் என்ன என்று தோன்றுகிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன கவர் செருகியிருந்தது. உள்ளே நாலைந்து ஸ்டாம்ப்புகள்... பல்லோடு! கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவால் வெட்ட முடியவில்லையாம். பல்லை அளந்து, கேட்டலாக்கில் தேடினேன். ஒன்றுக்கு உண்மையிலேயே நல்ல விலை போட்டிருந்தது. கேட்டலாக் விலையில் பாதி கிடைத்தாலும் பெரிசு.

"இந்த மாதிரி இன்னும் இருக்கா?"

வீட்டில் ஒரு பை நிறைய இருக்கிறது, அப்பா அதைத் தொடவே இல்லை என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அப்பாவுக்குப் போன் போடுங்கள், அந்தப் பையை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்.

பெரியவர் முந்திக்கொண்டார்.

"நீ போனதுலேர்ந்து புதுக் கண்ணாடிய மாட்டிக்கினு குந்தியிருக்கேம்மா. சாருக்குக் காட்டுறது, அரைகுறையா கொடுத்தா நல்லாவா இருக்கும்? அந்தப் பையில இருந்தது மொத்தத்தையும் வெட்டி முடிச்சிட்டேன். ஒண்ணுல பிசிறு சொல்லு பார்ப்போம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்படி ஒரு தகப்பனை யாரால்தான் திட்ட முடியும்?

"இன்னா விலை சொன்னாரு? வீட்டு அளவுக்கு வருமா?"

எஸ்தர் என்னைப் பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்தார்.

"வீட்டைவிட ஜாஸ்தியாம் நைனா. கை வலிக்கும், போய்ப் படு."

போனை வைத்துவிட்டு, ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டார். அழவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்றுதான் கேட்டார். அதை அப்படியே உங்களிடம் கேட்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் வாடகை கம்மியாக ஒரு வீடு இருந்தால் சொல்லுங்களேன்.