மூன்றாம் தடவை அம்மா சீரியஸ்

"கார்டு உங்கிட்டதான கீது? யார்கிட்டயும் குடுத்துடலையே?"

பணக்கஷ்டம் என்று கூப்பிடும் பட்டாளத்து வீட்டுப் பெண்களிடம், தையல் மிஷினை நிறுத்தாமலே இலக்கியா போனில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கார்டு என்றால் பட்டாளத்தில் இருக்கும் கணவனின் சம்பள ஏ.டி.எம். கார்டு. அவசரத்துக்குப் போய் நின்றால் வட்டிக்காரர்கள் அதைத்தான் அடகாகக் கேட்கிறார்கள். இலக்கியாவே ஒருமுறை கொடுத்துவிட்டு, புருஷன் சம்பளத்தைப் பதினோரு மாதம் அடுத்தவன் கையால் வாங்கிச் சாப்பிட்டவள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் ஒரு ஷட்டர் அகலக் கடை. கணவர் இருசப்பன் ராணுவத்தில் நாயக். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீட்டுப் பெண்கள் நைனார்பாளையத்திலிருந்துகூட ரவிக்கைத் துணியோடு வருகிறார்கள். பாதிப் பேர் வருவது ரவிக்கைக்காக அல்ல, அவசரப் பணத்துக்கு வழி கேட்க. இலக்கியா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வழி சொல்வாள்.

"மொதல்ல பி.எஃப்பு, அது உங்க காசு. ஒடனே வேணும்னா யூனிட்டு காசு. அப்பறம் பேங்க்கு. போன்ல ஆப்பு கீப்புன்னு எதுலனா வாங்குன, உன் துணிய நான் தொடமாட்டேன்."

யூனிட் என்பது கணவன் இருக்கும் படைப்பிரிவு. அவசரத்துக்கு அங்கே ஒரு நிதி உண்டு. இத்தனை பேச்சிலும் ஒரு குண்டூசி கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஆகாதது பொய்க் காரணம். லீவோ, கடனோ, நம் பையன்கள் எழுதுவது ஒன்றே ஒன்று: அம்மா சீரியஸ். இருசப்பன் எழுதிய விண்ணப்பங்களை நம்பினால் அவர் தாயார் ரங்கம்மாள் நான்கு தடவை சாகக் கிடந்தவர். அந்த அம்மாள் இன்றும் கரும்பு வெட்டப் போகிறார், மருமகளைவிட வேகமாக நடக்கிறார்.

போன ஆவணியில் என் ரவிக்கைக்காகக் காத்திருந்தபோது அப்படி ஒரு பட்டாளத்து வீட்டுப் பெண், தமிழ்மொழி, மூச்சு வாங்க ஓடிவந்தாள். கணவன் கவியரசன் போன் சிக்னல் எட்டாத பனிமலையில் காவலில் இருக்கிறான். மாமியார் கொளஞ்சியம்மாளுக்கு நெஞ்சடைப்பு. ராணுவ ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கேயே தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், மாலை ஐந்துக்குள் ஒரு லட்சம் கட்ட வேண்டும். யூனிட் ஆபீசுக்கு அவளே பேசிப் பார்த்தாளாம். சிரித்தார்களாம். கவியரசனின் அம்மா ஏற்கெனவே இரண்டு தடவை சீரியஸ். முதல் தடவை பைக் வாங்க, அடுத்தது வீட்டுக்குத் தளம் போட. வட்டிக்காரன் பத்திரத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். தமிழ்மொழியின் உள்ளங்கையில் கார்டு வியர்வையில் நனைந்திருந்தது.

அதை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் சீட்டைப் படமெடுத்து அனுப்பி, இலக்கியா கவியரசனின் யூனிட்டுக்குப் போன் போட்டாள். அவள் இந்தி, கணவரோடு இருந்த ஜான்சி ராணுவக் குவார்ட்டர்ஸில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசிப் பழகிய இந்தி. என் அரைகுறை இந்திக்கே புரிந்தது. எதிர்முனையில் அந்த யூனிட்டின் அதிகாரி, சுபேதார். முதல் தடவை சொன்னது பொய், சாப், அது பைக்குக்கு. இரண்டாவதும் பொய், அது வீட்டுக்கு. இது நிஜம், டாக்டர் சீட்டை அனுப்பியிருக்கிறேன் பாருங்கள் என்றாள்.

பைக் என்ற சொல் காதில் விழுந்ததும் தமிழ்மொழி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அவர மாட்டிவுடுறியே."

"மாட்டட்டும். ஒங்க மாமியா பொழைக்கணுமா வேணாமா?"

இதைச் சொல்ல நீ யார், இதுவும் பொய்யானால் யார் பொறுப்பு என்று சுபேதார் கேட்டார்.

இலக்கியா எழுந்து நின்றாள். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். கழுத்து டேப்பைக் கழற்றினாள். கணவரின் ராணுவ எண், பதவி, பெயர் மூன்றையும் தடுமாறாமல் சொன்னாள். அவர் மனைவி, நான் பொறுப்பு என்றாள். அப்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்ல? எங்கள் குடும்பத்தில் எவரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. நானும் எழுந்துவிட்டேன்.

லைனிலேயே இரு என்றார் சுபேதார். இருபத்தைந்து நிமிடம். துணியோடு வந்தவர்களைக் கைச்சைகையாலேயே திருப்பி அனுப்பினாள். தமிழ்மொழியின் போனில் மெசேஜ் வந்தது: யூனிட் நிதியிலிருந்து ஒரு லட்சம் கணக்கில் ஏறியிருந்தது. மேலே மலைக்கு ஆள் போகும்போது பி.எஃப். படிவத்தில் கையெழுத்து வாங்கி இதை நேர் செய்துகொள்கிறோம், பையன் கீழே இறங்கட்டும், அந்த இரண்டு பொய்களுக்கு அவனுக்கு அப்புறம் இருக்கிறது என்றாராம் சுபேதார். தமிழ்மொழி அதைக் கேட்க நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள்.

"ஜெய் ஹிந்த், சாப்" என்றாள் இலக்கியா. எதிர்முனை துண்டான பிறகுதான் உட்கார்ந்தாள்.