சௌமுவின் கை

துபாயின் தெய்ரா பகுதியில், நைஃப் சந்தைக்கும் முர்ஷித் பஜாருக்கும் இடையிலுள்ள சந்துகளில் சௌமு நடந்து வந்தால், வழிவிடத் தயங்குகிறவர்கள் தள்ளுவண்டிக்காரர்கள் மட்டும்தான். அவர்களும் பஷ்தூவில் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். மொம்பாசாக்காரி. நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், இரண்டையும் மிஞ்சும் குரல். ஸ்வாஹிலியில் சௌமு என்றால் நோன்பு; நோன்பு மாதத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். முன்னால் அவள் நடக்க, தார் எஸ் ஸலாமிலிருந்தும் கம்பாலாவிலிருந்தும் சரக்கெடுக்க வந்த பெண்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வருவார்கள்.

குழந்தை உடுப்புக்கு நைஃப். துணிக்கு முர்ஷித் பஜார். தைக்க வேண்டுமென்றால் ஊர் நடுவே கிடக்கும் கடற்கழியைப் படகில் கடந்து, பஸ் பிடித்து சாத்வா. அல் ராஸில் மசாலாக் கடைகளைப் பார்த்து யாராவது மயங்கி நின்றால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும்.

"கிராம்பு நம்ம கடலோரத்துல வெளையுது. அதை இங்க வந்து வெல குடுத்து வாங்கிட்டுப் போறியாக்கும்? நடடி!"

அவள் துபாய்க்கு வந்தது வீட்டு வேலைக்கு. வெள்ளிக்கிழமை வெளியே போகக் கூடாது என்றாள் வீட்டுக்காரி. சௌமு போனாள். நாள் முழுக்க தெய்ராவைக் கால் தேயச் சுற்றிவிட்டுத் திரும்பினால் கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டவில்லை. அவள் ஊர்க்காரர் ஒருவர் பனியாஸ் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் வைத்திருந்தார். அலைந்து திரிந்து முறையாக விசா மாற்றி அங்கே சேர்ந்தாள். ஏற்பாடு எளிது. அவள் கூட்டிவரும் பெண்கள் சரக்கை அந்த அலுவலகம் வழியாக ஊருக்கு அனுப்ப வேண்டும். பெண்கள் வந்தால் விசா. நின்றுபோனால் ஊருக்கு விமானம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் போணி வந்து குறுக்கே படுத்தது.

போணியை நாம் மட்டும்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுது தெய்ராவில் நின்று பார்க்கட்டும். ஈரானி, சிந்தி, ஆப்கானி, மலையாளி என்று பாஷைதான் வேறு, பயம் ஒன்றுதான். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் கல்லாவில் போட மாட்டார்கள்.

ஹாதிம் பாய் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேல். குஜராத்திலிருந்து வந்த போரா முஸ்லிம் வியாபாரி. தாத்தா ஸான்ஸிபாரில் கடை வைத்தவர் என்பதால் ஸ்வாஹிலி பேசவும் எழுதவும் தண்ணீர் பட்ட பாடு. அவர் விற்பது காங்கா. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இடுப்புக்கு ஒன்றும் தோளுக்கு ஒன்றுமாக உடுத்தும் ஜோடித் துணி. ஒருநாள் அவர் கடையில் சௌமு முதல் போணி செய்தாள். அன்று மத்தியானம் துறைமுகத்திலிருந்து வந்த பொதிகள் எல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தன. மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். டீக்கடையில் உட்கார்ந்து, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு வார்த்தை விட்டார்.

"எல்லாம் சௌமு பீபியோட கைராசி."

அவ்வளவுதான். அந்தச் சந்தில் ஒரு பேச்சு கரக் சாயா ஆறுவதற்குள் எல்லாக் கடைக்கும் போய்விடும். அதன்பின் காலையில் சந்து முனையில் அவள் தலை தெரிந்தால் போதும், கடைகளில் ஒரு பரபரப்பு. பக்கத்துக் கடை ஜவாத், ஈரானின் லார் ஊர்க்காரர், அத்தர் வியாபாரி, ஓடிவந்து ஹாதிம் பாயிடம் ஒரு ஊக்கு வாங்குவார். ஹாதிம் பாய் ஓடிப்போய் ஜவாதிடம் ஒரு சின்னப் புட்டி அத்தர் வாங்குவார். இருவருக்கும் போணி ஆயிற்று. பிறகு முகம் முழுக்கச் சிரிப்போடு, "வாங்க பீபி, வாங்க வாங்க!"

முதலில் சௌமுவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஜவாதின் சட்டையில் வரிசையாக ஊக்குகள் தொங்குவதைப் பார்த்து, "என்னய்யா, பித்தான் வாங்கக் காசில்லையா?" என்று கேட்டுக்கூட வைத்தாள். சிரிப்பு நின்றது ரெஹெமா கூட்டம் வந்தபோது. ரெஹெமா தார் எஸ் ஸலாமின் பெரிய வியாபாரி. அவள் எங்கே போகிறாளோ அங்கேதான் மற்றவர்கள் போவார்கள். வந்த மறுநாள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, காலையில கடைக்கு நாங்களே போய்ட்டு வந்துடட்டுமா? நீ மத்தியானத்துக்கு மேல வந்து சேர்ந்துக்கயேன். தப்பா நெனச்சுக்காத. ஹாதிம் பாய்தான் சொன்னாரு."

இன்று காலையில் வராதே என்பார்கள், நாளை வரவே வேண்டாம் என்பார்கள். சௌமுவுக்கு அது தெரியாதா? அலுவலகத்துக்குப் பின்னால், கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். பிச்சைக்காரனின் காசைக்கூடப் போணியாக வாங்குகிறவர்கள் தன் கையைப் பார்த்து ஒதுங்குகிறார்களே என்ற அவமானம் அவளைத் தின்றது. அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். துடைக்கத் தோள் துணியை எடுத்தபோதுதான் அதன் ஓரத்தில் கண் நின்றது.

காங்காவின் கீழோரத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். மொம்பாசாவில் அடுத்த வீட்டுக்காரியோடு சண்டை என்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லும் காங்காவாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, அவள் வாசலுக்கு எதிரே முதுகைக் காட்டி நின்று தெருவைப் பெருக்கினால் போதும். அவளால் சாட்சி கூப்பிடவும் முடியாது, திருப்பித் திட்டவும் முடியாது. வேண்டுமானால் போய் வேறொரு காங்கா வாங்கிக்கொள்ளலாம்.

ரெஹெமாவைக் கூப்பிட்டு, மனதிலிருந்த வாசகத்தைச் சொன்னாள். ரெஹெமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, இது எனக்கு ரெண்டு பொதி வேணும். எங்க ஊர்ல இதை உடுத்திக்கிட்டு யார் முன்னாடி போய் நிக்கலாம்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் வச்சிருப்பாளுக."

கேட்ட மற்ற பெண்களும் ஆளுக்கொரு பொதி என்றார்கள். ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்குச் சக்களத்தி.

மறுநாள் ஹாதிம் பாய் பிஸ்மில்லா சொல்லிக் கதவைத் தூக்கினார். வாசலில் சௌமு. பின்னால் பெண்கள் அத்தனை பேரும். ஜவாத் கையில் காசோடு ஓடிவந்தார். ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பைத் தாண்டி உள்ளே போக வழியில்லை.

"பீபி, கொஞ்சம் தள்ளுங்க. ஒரு ஊக்கு வாங்கணும்."

"எதுக்கு ஜவாத்? என் வாயைச் சேத்துக் குத்தவா?"

பெண்கள் சிரித்தார்கள். ஜவாத் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஹாதிம் பாய், புது காங்கா அச்சடிக்கணும். பெரிய ஆர்டர். வாசகம் சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள் சௌமு. "என் கையைப் பாக்காத. உன் கல்லாவைப் பாரு."

பாதி வரியில் அவர் பேனா நின்றது. முகம் காதுவரை சிவந்துபோயிற்று.

"பீபி... இது யாருக்கு?"

"உடுத்துறவ முடிவு பண்ணுவா. நீங்க அச்சடிங்க."

எத்தனை பொதி என்று ரெஹெமா சொன்னாள். ஹாதிம் பாய் வியாபாரி. மானம் ஒரு பக்கம் இழுக்க, பொதிகள் மறுபக்கம் இழுத்தன. பொதிகள்தான் ஜெயித்தன. சௌமு முன்பணத்தை நீட்டினாள். அவர் கை நீளவில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ரெஹெமாம்மா, நீங்க உங்க கையால குடுங்களேன்."

"என் கையா?" ரெஹெமா கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். "மூணு புருஷனை மண்ணுக்கு அனுப்புன கை, பாய். வேணுமா?"

மற்றவர்களைப் பார்த்தார். ஒருத்தி கையும் வெளியே இல்லை. எதிர்க்கடை ஆப்கானி, தள்ளுவண்டிக்காரர்கள், டீ டம்ளரோடு மலையாளி என்று சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. வந்த முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் கடை விளங்காது. இவளிடம் வாங்கினாலும் விளங்காது. கடைசியில் நோட்டுகளை விரல் நுனியால் பிடித்து வாங்கிக் கல்லாவைத் திறந்தார்.

"இருங்க" என்றாள் சௌமு. "கண்ணுல ஒத்திக்கல?"

"பீபி..."

"எல்லார் நோட்டையும் ஒத்திக்கிறீங்க. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க பாய். ஒத்திக்கங்க."

அவர் ஒற்றிக்கொண்டார். சௌமு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பெண்கள் குலவையிட்டுக்கொண்டே பின்னால் போனார்கள்.

காங்கா குஜராத்தில் அச்சாகிக் கப்பலில் வந்தது. கரைக்கு வந்ததும் தெரியவில்லை, தீர்ந்ததும் தெரியவில்லை. தார் எஸ் ஸலாமிலிருந்து இன்னும் கேட்டார்கள். லாமுவிலிருந்து கேட்டார்கள். ஹாதிம் பாய் மறுபடி அச்சடித்தார், மறுபடியும் போதவில்லை. அவர் பரம்பரையில் யாரும் அப்படி விற்றதில்லை.

ஊர்வாய் எவ்வளவு நேரத்தில் பிரளும்? "ஹாதிமுக்கு அடிச்ச யோகம் யாரால? சௌமு பீபி போணி!" என்றது டீக்கடை. கைராசிக்காரி ஆகிவிட்டாள். அவள் தலை தெரிந்தால் கடைகளில் மறுபடி பரபரப்பு, ஆனால் இப்போது வேறு மாதிரி. ஜவாத் அவளுக்கென்று நாற்காலி எடுத்துப் போட்டார். ஹாதிம் பாய் காலையில் கதவைப் பாதி தூக்கிவைத்து, வருகிற ஆட்களையெல்லாம் "கொஞ்சம் பொறுங்க" என்று நிறுத்திவைத்தார்.

அடுத்த முறை சௌமுவோடு வந்திருந்தவர்கள் கம்பாலாக்காரிகள். ஹாதிம் பாய் சந்தின் பாதி தூரம் எதிர்கொண்டு வந்துவிட்டார்.

"வாங்க பீபி! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். மொத போணி உங்க கையாலதான். உங்க கை பட்டா தங்கம், பீபி!"

சௌமு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்படியே திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். தோளிலிருந்து தொங்கிய துணியின் ஓரத்தில், அவரே எழுதி அவரே அச்சடித்த வரி இருந்தது.

அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு பெண்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், பரோட்டாவும் முட்டையும் சொல்லி நிதானமாகச் சாப்பிட்டாள். ஹாதிம் பாய் கடைக்கு அவள் மத்தியானத்துக்கு மேல்தான் போனாள்.