செப்புக் குடத்தின் மேல் விழுந்த பழி

சென்ற ஆண்டு ஜூலை 9: மகனின் கண்கள் மஞ்சளாக இருந்தன. மருத்துவமனையில் சேர்த்தோம். வயது இருபத்தாறு.
ஜூலை 12: கருவிழியின் விளிம்பில் பழுப்பு வளையம் இருப்பதைக் கண் மருத்துவர் கண்டார். ஈரலில் தாமிரம் தேங்கும் பரம்பரை நோய் என்று உறுதி செய்யப்பட்டது.
ஜூலை 19: மாற்று ஈரலுக்குப் பதிவு செய்தோம்.
ஆகஸ்ட் 2, பிற்பகல் 3.20: இறந்தான்.
ஆகஸ்ட் 16: ஈரல் மருத்துவர் கடிதம் தந்தார். உடன்பிறந்தவரைத் தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.
இவ்வாண்டு ஜூன் 1 வரை பரிசோதனை செய்யப்படவில்லை.

மேற்கண்டவற்றில் பிழை இல்லை. கடைசி வரிக்கு நான் பொறுப்பு.

அந்தக் கடிதத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் மரபியல் கற்பித்தவன் நான். பழுதுபட்ட மரபணு ஒன்று மட்டும் இருப்பவருக்கு நோய் இல்லை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்து சேர்ந்தால் நோய். அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறிகள் தோன்றுமுன் கண்டுபிடித்தால், ஆயுள் முழுவதும் மாத்திரை உண்டு பிறரைப் போல வாழலாம். என் மகளுக்கு வயது இருபத்து மூன்று.

மகன் மருத்துவமனையில் இருந்த நான்காம் நாள், பயிற்சி மருத்துவர் ஒருவர் வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, வீட்டில் செப்புப் பாத்திரம் புழங்குகிறீர்களா என்று கேட்டார். என் மனைவி ஆமென்றாள். உடம்புக்கு நல்லதென்று யாரோ சொல்ல, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாலைக் கடைத்தெருவில் ஒரு செப்புக் குடம் வாங்கியிருந்தாள். சாயங்காலம் நிரப்பி வைப்பாள். காலையில் முதல் டம்ளர் தண்ணீர் மகனுக்கு. இனி அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த படுக்கைக்குப் போனார். அதற்குப் பிறகு எவர் சொன்னதும் அவள் காதில் விழவில்லை. பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்த மறுநாள், குடத்தைப் புளியிட்டுத் தேய்த்து, பழைய வேட்டியில் சுற்றி, பரணில் ஏற்றினாள். ஒளித்து வைக்கப்போகும் ஒன்றை ஏன் தேய்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

குடம் அல்ல காரணம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கான விடை எங்கள் திருமணம்.

அவள் என் அத்தை மகள். கோத்திரம் வேறு, ஜாதகமும் பொருந்தியது. கோத்திரம் தந்தை வழியை மட்டும் எண்ணும். மற்ற வழிகள் அதன் கணக்கில் வருவதில்லை. என் தந்தையும் அவர் தங்கையும் ஒரே பெற்றோரிடமிருந்து பெற்றது, இரண்டு கிளைகளில் இறங்கி, எங்கள் குழந்தைகளிடம் மீண்டும் சந்திக்க இயலும். வட்டமும் சதுரமும் கோடுமாக இதைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்தேன். இதைப் படித்த பிறகுதான் அவளை மணந்தேன். கூடுதல் ஆபத்து சிறிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த விடை இன்றைக்கும் சரியானதே.

ஒருமுறை மாணவர்களைக் கல்லாற்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். பொன்முடி மலையின் மேற்சரிவில், மற்றக் கூட்டங்களிலிருந்து பிரிந்து ஒதுங்கிப்போன தவளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒற்றையாக ஒளிந்திருக்கும் தீங்கை இயற்கைத் தேர்வால் விலக்க முடியாது என்றேன். அதைச் சுமக்கும் தவளை மற்றதைப் போலவே குதிக்கிறது, மற்றதைப் போலவே முட்டையிடுகிறது. இரண்டு ஒற்றைகள் ஒரே உடலில் கூடும்போதுதான் தேர்வின் கை அதன் மேல் படுகிறது. தங்களுக்குள்ளேயே இணையும் சிறு கூட்டங்களில் அவை அடிக்கடி கூடுகின்றன.

நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் தமிழ் மாணவன் ஒருவன் பாறையில் உட்கார்ந்தபடியே கேட்டான்: “ஸாரே, அப்போ கோட்டைக்குள்ள ஸாரோட தெருவும் இதுபோல ஒரு மலைதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருநெல்வேலியிலிருந்து கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் வேலைக்கு வந்து, தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தெரு அது. கேள்வி நன்று என்று சொல்லி, தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றேன். அப்போது என் மகன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான்.

கடிதத்தை மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுக்குள் வைத்தேன். மகள் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைகளில் வருவாள். அவள் டம்ளரைப் பிடிக்கும் கையைப் பார்ப்பேன். மகனின் கை ஓராண்டு லேசாக நடுங்கியது. கணினி முன் அதிக நேரம் இருப்பதால் என்று விட்டிருந்தேன். அவள் கண்ணருகே வெளிச்சம் விழும்படி சன்னலைத் திறந்து வைப்பேன். “என்னப்பா, வெறுதே என்னையே பாத்துண்டிருக்கேள்?” என்பாள். பாசம் என்று நினைத்திருப்பாள்.

மனைவியோ வாரம் ஒரு முறையாவது, அந்தக் குடத்தை வாங்காதிருந்தால் என்று தொடங்குவாள். “விடு” என்பேன். அந்தச் சொல்லை அவள் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. குடம் குற்றவாளியாக இருக்கும்வரை என் மகள் பத்திரமாக இருப்பதாக அவள் தாய் நம்பலாம்; நானும் அந்த நம்பிக்கையின் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளலாம். மகளிடம் சொன்னால் தாய்க்குத் தெரியும். தாயிடம் சொல்லாமல் மகளிடம் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு மாதமும் முடியும்போது, மகளின் ஈரலில் என்ன சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டேன். பத்து மாதங்கள் இப்படிக் கழிந்தன.

ஜூன் 1, ஞாயிறு. மகள் பயணப் பை எடுக்கப் பரணில் ஏறி, வேட்டி மூட்டையோடு இறங்கினாள். இதை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவள் தாய் அடுக்களை வாசலில் நின்று, அதைத் தொடாதே, அதுதான் அவனைக் கொண்டுபோயிற்று என்றாள்.

மகள் என்னைத்தான் பார்த்தாள். “இதுல வச்ச தண்ணிய நானும் குடிச்சேன். நீங்களும் குடிச்சேள். நமக்கு ஒண்ணும் வரலையே?”

“குடம் இல்லை” என்றேன்.

“பின்னே?”

“அம்மாகிட்டேருந்து ஒண்ணு, என்கிட்டேருந்து ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் வரும்.”

“அப்போ எனக்கும் இருக்கா?”

“நாலில் ஒரு பங்கு.”

“அது கிளாஸ்ல சொல்றது, அப்பா. எனக்குச் சொல்லுங்கோ.”

எனக்குத் தெரியாது என்றேன். கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் தேதியைப் பார்த்தாள். கைபேசியை எடுத்து மருத்துவமனைக்கு நேரம் கேட்கத் தொடங்கினாள்.

மனைவி அசையவில்லை. கோத்திரம் வேறுதானே என்று முதலில் கேட்டாள். அது போதாது என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“ஆஸ்பத்திரியிலேயே.”

“பத்து மாசமா நான்தான் கொன்னேன்னு இருந்தேன். பாத்துண்டுதானே இருந்தேள்?”

ஆமென்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. திங்களன்று மகளுடன் அவள்தான் போனாள். என்னை அழைக்கவில்லை. மகளின் கண்ணில் வளையம் இல்லை. தாமிரத்தைச் சுமக்கும் புரதம் இரத்தத்தில் சற்றுக் குறைவு. ஒற்றை மரபணு மட்டும் உள்ளவருக்கும் அப்படி இருக்கலாம், நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். மரபணு அறிக்கை வந்தால்தான் தெரியும். மூன்று வாரங்கள் ஆகும் என்றார்களாம். இதை மகள் தொலைபேசியில் சொன்னாள், அதிகாரி ஒருவருக்குச் சொல்வதுபோல.

பரிசோதனைக்குப் பின், இதை எழுதும் இன்று பதினாறாம் நாள். செய்யாமல் இருப்பவை:

ஒப்பீட்டுக்குப் பெற்றோர் இருவரின் இரத்தமும் கேட்டிருக்கிறார்கள். மனைவி கொடுத்துவிட்டாள். நான் கொடுக்கவில்லை.

நாகர்கோவிலில் இருக்கும் மைத்துனருக்கு எழுத வேண்டும். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

அறிக்கை வாங்கும் நாளில் நானும் வரலாமா என்று மகளிடம் கேட்க வேண்டும்.

மனைவியிடம், அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு, ஆமென்பதற்கு மேல் ஒரு வாக்கியம்.