இசபெல் வாங்கிக் கொடுத்த சட்டைகள்

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இசபெல் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தாள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவோம். வரிசை வீடுகளான லயத்தில் நான் அவளுக்கு அடுத்த காம்பராக்காரி, நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவள் கதையை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாளே போய்விட்டது. புருஷன் கஸ்பர் கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிறவன். நல்லவன்தான், ஆனால் வாயில் கொழுக்கட்டை. புதைத்துவிட்டு வந்ததிலிருந்து குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். அவள் அழ ஆரம்பித்தால் மாட்டுக்குப் புல்லறுக்கக் கிளம்பிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாட்டை அவன் வளர்த்ததே ஒரு காரணத்துக்காக. பிள்ளை வரம் கேட்டு இருவரும் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். மாடு கன்று போட்டதும் பால் காசில் பயணம். இசபெல் அந்த ஒரு நினைப்பில்தான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

லயத்தில் பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். பிள்ளை தங்காதவள் வந்தால் ஆகாதாம். வேலை நாளெல்லாம் அவள் மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம், பேர் வைக்கும் நாளில் மட்டும் ஆகாது! அப்படி ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நோர்வூட்டில் கணேசமூர்த்தியின் துணிக்கடையில் ஏறினாள். பூப்போட்ட சின்னச் சட்டை ஒன்றைக் கடனுக்கு வாங்கிவந்து அந்தப் பிள்ளைக்குப் போட்டாள். தாய்க்காரிக்கு வாயெல்லாம் பல். இவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவ்வளவுதான், இசபெலுக்கு வழி தெரிந்துவிட்டது.

பிறகு யார் ஒரு சொல் சொன்னாலும், கஸ்பர் முகம் கொடுக்காவிட்டாலும், துணிக்கடைதான். சட்டை, தொப்பி, ரிப்பன்.

"ஏன்டி, ஒனக்குப் பைத்தியமா?" என்று கேட்டேன்.

"அங்க நின்னு சின்னச் சட்டைய விரிச்சுப் பாக்குறப்ப நெஞ்சு வலிக்கலக்கா" என்றாள்.

கணேசமூர்த்தி விவரமான ஆள். எந்த லயத்தில் பிள்ளை பிறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். "தங்கச்சி, புதுச் சரக்கு வந்திருக்கு, காசு மெதுவா குடுங்க" என்று சொல்லி அனுப்புவார். சம்பள நாளில் ஆபிஸ் வாசலில் நின்று, கஸ்பர் கண்ணில் படாமல் அவளிடம் கொஞ்சம் வாங்கிக்கொள்வார். அடுத்த ஞாயிறு அதைவிடக் கூடுதலாகத் துணி கொடுப்பார். பாவி மனுஷன்!

கடைசியில் ஒரு சம்பள நாள் அவரே லயத்துக்கு ஏறி வந்துவிட்டார். மாடு நிறைசினையாக நின்றது.

"கஸ்பர், கடனுக்கும் மாட்டுக்கும் சரியாப் போயிரும்" என்றார்.

கடன் இருப்பதே கஸ்பருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"யாருக்கு வாங்குன?" என்றான் இசபெலைப் பார்த்து.

"எல்லாப் புள்ளைகளுக்குந்தாங்க."

அவன் கை ஓங்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். மாடு இறக்கத்தில் போவதைப் பார்த்தபடி, "மாதாவே, தலவிலயும் போச்சே" என்று இசபெல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கஸ்பர் அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் தின்பான். பொறுக்கமாட்டாமல் அடுத்த ஞாயிறு அவள் என்ன செய்தாள் தெரியுமா? அதே கடைக்குப் போய், அவனைச் சமாதானப்படுத்த அவனுக்கே ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்தாள். கடனுக்கு! தலையில் நாலு குட்டு வைக்கலாமென்று இருந்தது.

கஸ்பர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான். திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு "வா" என்றான். நூல் வாங்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

கடை நிறைய ஆட்கள். கஸ்பர் சட்டையை மேசையில் வைத்தான்.

"மொதலாளி, இது வேணாம். இனி இவளுக்கு அழுகை வந்தா என்கிட்ட வரட்டும். ஒங்க கடைக்கு வரவேணாம்."

கணேசமூர்த்தி அதை எடுத்து உள்ளே வைத்தார்.

திரும்பும் வழியில் இசபெல் அழுதுகொண்டே நடந்தாள். கஸ்பர் எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயே நடந்தான். பாலம் தாண்டியதும், "அவ மூக்கு ஒங்கள மாதிரியே இருந்துச்சுங்க" என்றாள்.

"ஆமா. நானும் பாத்தேன்" என்றான் கஸ்பர்.

மகளைப் பற்றி அவன் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான்.