பூமி சுற்றுகிறது என்று சொன்ன பிள்ளை

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடந்த தமிழ்ப் பள்ளிக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போவார். அந்த வருட ஆண்டு விழாவுக்கு, வழக்கமான ராஜா ராணி நாடகத்தை விட்டுவிட்டு, பழைய கிரேக்கரின் வானியலை மேடையேற்றப் போவதாக ஆசிரியர் அறிவித்தார்.

கதை சின்னதுதான். அறிஞர் சபை கூடியிருக்கிறது. பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது, சூரியனும் சந்திரனும் கோள்களும் பளிங்குக் கோளங்களில் பதிந்து அதைச் சுற்றிவருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாமோஸ் தீவிலிருந்து வந்த ஒருவர் மட்டும் எழுந்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்கிறார். சபை சிரிக்கிறது. அவர் தலைகுனிந்து வெளியேறுகிறார்.

சரிகைச் சால்வை போர்த்திய சபைத் தலைவராக வர எனக்கு ஆசை. கிடைத்ததோ சாமோஸ் தீவுக்காரர்: கட்டில் விரிப்பு, பஞ்சுத் தாடி, இரண்டே வசனம். பெண்பிள்ளைக்கு ஏன் தாடி என்று அப்பா கேட்டதற்கு, அவளுக்குத்தான் குரல் பெரிது என்று ஆசிரியர் சொன்னாராம். அதை அப்பா தன் வேலைத்தலம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சித்திதான் எனக்கு வசனத்தைப் பாடமாக்கித் தந்தார். அதிகம் பேசாதவர். யாராவது கதவைத் தட்டினால் அறைக்குள் போய்விடுவார். வீட்டு ஒத்திகையில் சபையாக நின்று சிரிக்கவேண்டியதும் அவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.

விழாவன்று மண்டபம் நிரம்பியிருந்தது. முதல் வசனத்தைச் சொன்னேன். பூமி நகர்ந்தால் விண்மீன்கள் ஏன் இடம் மாறித் தெரியவில்லை என்று சபைத் தலைவர் மடக்கினார். "அவை நாம் நினைக்கவும் முடியாத தூரத்தில் இருக்கின்றன" என்று நான் கையை உயர்த்தியதும் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. சபை சிரித்தது. கூடவே மண்டபமும் சிரித்தது, நாடகத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. வெளியேற வேண்டிய நான் அப்படியே நின்றேன்.

மூன்றாவது வரிசையில் சித்தி எழுந்தார்.

"ஏன் சிரிக்கிறியள்? பிள்ளை சொல்லுறது உண்மை. ஒராள் உண்மையைச் சொன்னா, ஒருக்காக் கேளுங்கோவன்."

மண்டபம் அடங்கிப்போனது. அம்மா அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தது மேடையிலிருந்தே தெரிந்தது. சித்தி மறுபடி நாற்காலியில் இருக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஆசிரியர் என்னை வா வா என்று சைகை காட்டினார். நான் போகவில்லை. தாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மேடையின் முன்னால் வந்து இரண்டு வசனங்களையும் மறுபடி சொன்னேன். என் குரல் கடைசிச் சுவரில் மோதித் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ கைதட்ட, மண்டபமே தட்டியது. சபைத் தலைவராக நடித்த பையனும் தன் வேடத்தை மறந்து தட்டினான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் சித்தியின் பக்கத்தில் இருந்தேன்.

"அது நாடகம் எண்டு உங்களுக்குத் தெரியாதே சித்தி?"

"தெரியும் பிள்ளை."

"பிறகேன் எழும்பினனீங்கள்?"

"இருக்க ஏலாமல் போச்சு."

அந்த வாரம்தான் சித்தியின் அகதி வழக்கில் முடிவு வந்திருந்தது. ஊரில் தனக்கு நடந்தது என்று அவர் சொன்ன எதையும் நம்பமுடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவர் சொன்னது உண்மையென்று மேன்முறையீட்டில் ஏற்கப்பட நெடுங்காலம் எடுத்தது. இதையெல்லாம் வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்: மண்டபமே சிரித்தபோது, எனக்காக எழுந்து நின்றவர் என் சித்தி.