மாஸ்டரும் ஒரு முரட்டுக் கத்தியும்

மாஸ்டர் கத்தியை மூக்குக்கு நேராகப் பிடித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாசல் பக்கத்து வெளிச்சத்தில் அதன் முதுகைப் பார்க்கிறார். திருப்பிப் போட்டு மறுபடியும் பார்க்கிறார். கழுத்தில் மாலைபோல் தொங்கும் டேப்பை இறக்கி, முதலில் தன் உள்ளங்கையின் அகலத்தை அளக்கிறார், பிறகு கத்தியின் பிடியை. உதட்டைப் பிதுக்குகிறார். சட்டைப் பையிலிருந்து தையல்காரர்களின் தட்டைச் சாக்பீஸை எடுத்துக் கடை மேசைமீதே ஒரு கோடு போடுகிறார். கடைக்காரம்மா ஈரத்துணியால் அதை அழிக்கிறார். அந்த இரும்புச் சாமான் கடையில் இது போன வருஷத்திலிருந்து நடந்துவரும் வழக்கம்.

"எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடலாமே" என்கிறார் அவர்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. பொண்ணு பாக்கறவங்ககூட இத்தனை தரம் வந்துபோக மாட்டாங்க" என்கிறார் கடைக்காரம்மா.

தையல் கடையில் துணி வெட்டுகிறவர் அவர். கட்டிங் மாஸ்டர் என்று ஆரம்பித்து, வெறும் மாஸ்டராகச் சுருங்கி, இப்போது கோபம் வந்தால் மனைவியே 'மாஸ்டர்' என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார். துணியை மேசைமேல் விரித்தால் முதலில் தடவிக் கொடுப்பார். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். அளப்பார், கோடு போடுவார், போட்ட கோட்டையே அளப்பார், பெருமூச்சு விடுவார். அதற்கப்புறம்தான் கத்தரியைத் தொடுவார். அந்தக் கத்தரி துணியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. யாரோ ஒருமுறை அதை எடுத்துக் காகிதம் வெட்டிவிட்டார்கள் என்று அன்று மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.

இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. செருப்பு வாங்கப் போனாலும் இதே கதைதான். தலையணை வாங்கப் போனவர் கடையிலேயே படுத்துப் பார்த்துத் தூங்கிவிட்டார். மனைவியோ நேர் எதிர். பேக்கரியில் கேக்குகளின்மேல் பெயர் எழுதுகிற வேலை அவருக்கு. பெயரைக் கேட்ட மறுநிமிடம் ஒரே இழுப்பில் எழுதி முடித்துவிடுவார். "தப்பாப் போனா வழிச்சு எடுத்துட்டு மறுபடி எழுதிட்டுப் போறேன். இதுல என்ன இருக்கு?" என்பார். இந்த இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் ஆச்சரியம்தான்.

கத்தி விவகாரத்தைக் கிளப்பிவிட்டவன் மச்சினன், மனைவியின் தம்பி. வாரம் முழுக்க டெலிவரி வேன் ஓட்டிவிட்டு, விடுமுறை கிடைத்தால் காட்டுக்குள் போய்த் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்கிறவன். தானே விறகு பிளந்து, தானே நெருப்பு மூட்டி, தானே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசுவான். கூட வருகிறவர்களுக்கு அவன் வைத்த சட்டம் ஒன்றுதான்: ஆளுக்கொரு கத்தி கொண்டுவர வேண்டும். போன வருஷம் அக்காவையும் மாமாவையும் கூப்பிட்டான். அக்கா கைக்கு அகப்பட்ட ஒரு சின்னக் கத்தியைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். மாஸ்டர் கத்தியைத் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

திரும்பி வந்த மச்சினன் போனில் படம் காட்டினான். மனைவி முகமெல்லாம் கரியோடு, வாய் கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் வீட்டில் பார்த்ததில்லை. அன்று பிடித்த பொறாமை அவரை விடவில்லை. காட்டின்மேல் பொறாமைப்படுகிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த வருஷம் மறுபடி அழைப்பு வந்தது. மனைவி சண்டை ஏதும் போடவில்லை. "கத்தி அமையலன்னா விடுங்க. நான் தம்பியோட போயிட்டு வந்துடறேன். உங்களுக்கு ரெண்டு நாளைக்குச் சமைச்சு வெச்சுட்டுப் போறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தான் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்பது அந்த நிதானமான குரலில் மாஸ்டருக்குத் தெரிந்தது.

அடுத்த நாளே கடைக்கு ஓடினார். அவருக்கு வேண்டியது என்னவென்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். "உறுதியா இருக்கணும். ஆனா கனமா இருக்கக்கூடாது. மடக்குற கத்தி வேணாம், மடங்குற எடத்துல எப்படியும் ஆட்டம் குடுக்கும். இரும்பு பிடிக்குள்ள பாதியில நின்னுடக்கூடாது, கடைசி வரைக்கும் ஓடணும். துரு பிடிக்கக்கூடாது. வெலையும் என் சம்பளத்துக்குள்ள அடங்கணும்."

கடைக்காரம்மா பெருமூச்சு விட்டு, மேசைமேல் கத்திகளை வரிசையாகப் பரப்பினார். மாஸ்டர் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். பரிசோதனைக்காகத் தையல் கடையிலிருந்து கொண்டுவந்தது. ஒவ்வொரு கத்தியாலும் அதன் ஓரத்தை வெட்டிப் பார்த்தார். மெல்லிய, பளபளப்பான, நீளக் கத்தி ஒன்று துணிக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதாங்க! இழை பிசிறவே இல்ல, பாருங்க."

கடைக்காரம்மா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "காட்டுல யாருக்குச் சட்டை தைக்கப் போறீங்க? இதை வெச்சு ஒரு கட்டையில போட்டீங்கன்னா நடுவுலயே ரெண்டாப் போயிடும். தக்காளி நறுக்கலாம், அவ்வளவுதான்."

அவர் எடுத்து நீட்டியது வேறொன்று. குட்டையாக, தடித்த முதுகோடு, கறுப்புப் பிடியோடு, மினுக்கு ஒன்றும் இல்லாத முரட்டுக் கத்தி. உறைகூட வெறும் பிளாஸ்டிக். விலை கைக்கு எட்டியது. பிடி மாஸ்டரின் உள்ளங்கைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. "துரு பிடிக்குமா?" என்றார். "எண்ணெய் போட்டுத் தொடச்சு வெச்சா பிடிக்காது. சோம்பேறிக்குத்தான் பிடிக்கும்" என்று பதில் வந்தது. துணியில் வைத்து இழுத்தார். இழைகள் சிலுப்பிக்கொண்டு நின்றன. அவருக்கு மனசே ஆறவில்லை. ஆனாலும், எதுக்கும் இன்னொரு தரம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பணத்தை எடுத்து வைத்தார். இவர் எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று கடைக்காரம்மா அவசர அவசரமாகப் பொட்டலம் கட்டினார்.

வாங்கியாகிவிட்டது. ஆனால் மாஸ்டர் கைக்கு ஒரு கூர்மையான பொருள் வந்துவிட்டால் அதற்கு என்ன மரியாதை நடக்கும் என்பதுதான் தெரியுமே. காட்டுக்குப் போய் இறங்கியபோது கத்தி உறைக்குள்ளும், உறை ஒரு ஃபிளானல் துணிக்குள்ளும், துணி பைக்கு அடியிலும் இருந்தது. தார்ப்பாய் கட்டக் கயிறு அறுக்க வேண்டியிருந்தது. மனைவியின் சின்னக் கத்தியை இரவல் வாங்கினார். பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

"மாமா, கத்தியக் கூட்டிட்டு வந்தீங்களா, இல்ல வீட்டுல தூங்கப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றான் மச்சினன்.

"இருடா, சமயம் வரட்டும்" என்றார் மாஸ்டர்.

சமயம் சாயங்காலமே வந்துவிட்டது, மழை ரூபத்தில். கொட்டித் தீர்த்துவிட்டு மழை ஓய்ந்தபோது மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பொறுக்கி வைத்த சுள்ளி எல்லாம் ஊறிப்போயிருந்தது. "கட்டையப் பொளந்தா உள்ள காய்ஞ்சுதான் இருக்கும்" என்ற மச்சினன், தன்னுடைய ஒயிலான மடக்குக் கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து ஒரு போடு போட்டான். கத்தி கழன்று ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமும் போயின. சின்னக் கத்தியால் பட்டையை உரிக்கத்தான் முடிந்தது.

மனைவிக்குப் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. உதடு வெளுத்திருந்தது. மாஸ்டர் பையைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"வேணாங்க. புதுக் கத்தி. எத்தனை நாள் அலைஞ்சு வாங்கினீங்க. எனக்குப் போர்வை போதும்."

குளிரில் நடுங்கிக்கொண்டு இவள் நம் கத்திக்காகக் கவலைப்படுகிறாளே என்று மாஸ்டருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஃபிளானல் துணி சேற்றில் விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கத்தியின் வாயைப் பதித்தார். டேப் கழுத்தில்தான் இருந்தது, அளக்கவில்லை. ஒரு தடிக்கொம்பை ஓங்கியவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தியின் முதுகில் அடித்தார்.

"ஐயோ" என்றார் அடித்த கையோடு. கத்திக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ, தெரியாது.

இன்னொரு அடி. கட்டை படீரென்று இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே வெளிர்மஞ்சளாக, பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. மச்சினன் பாய்ந்து வந்து அக்காவின் சின்னக் கத்தியால் அதைச் சீவித் தீ வைத்தான். முதலில் புகை, பிறகு ஒரு சின்னச் சுவாலை, பிறகு நன்றாகவே பற்றிக்கொண்டது. கத்தியின் முதுகில் ஒரு தழும்பு விழுந்திருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, கணவர் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அவரோ அடுத்த கட்டையில் குனிந்திருந்தார். பிளந்தார். அதற்கடுத்ததையும் பிளந்தார். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிராய் ஒட்டியிருந்தது.

"போதுங்க, மாஸ்டர்! காட்டையே பொளந்து போட்டுடுவீங்கபோல. வந்து இப்படி உக்காருங்க" என்று சிரிப்புப் பொத்துக்கொண்டு வரக் கூப்பிட்டார் மனைவி.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையில் கத்தி அப்படியே இருக்க, இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார்.

"இன்னொரு கட்டை எடு."